வீதியால் போகும் கம்பி: கேள்வி கேட்பதற்கு யாருக்கு உரிமை?

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களோடும் மீளக் குடியமர்ந்த குடும்பங்களோடும் நாம் கூடிப் பேசும்போது, காணி, கிணறு, வீட்டுத்திட்டம் என்பவற்றுக்குப் பின்னர் சிறிய விடயங்களும் வெளிவருவதுண்டு. அவற்றுள் ஒன்று கேபிள் தொலைக்காட்சி. மாதக் காசைத் தவறாமல் கட்டியும் நாள்கணக்கில் படம் தெரிவதில்லை. ஒழுங்கைக்குக் குறுக்கே கம்பி தாழ்ந்து தொங்குவதால் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் போக முடியவில்லை. ஊரில் எவரும் இல்லாத காலத்தில் எல்லை வேலியோடு கம்பம் நடப்பட்டிருக்கிறது. இப்படிப் பல முறைப்பாடுகள். சபையிடம் சொன்னீர்களா என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றே: "நாங்கள் இந்த ஊராக்கள் இல்லைத்தானே, எங்கடை கதையை ஆர் கேக்கப்போகினம்?"

இந்தப் பதில் சரியானதா என்பதையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகின்றோம். உலகின் சில நகரங்களில் கேபிள் சேவையைக் கண்காணிக்கக் குடிமக்கள் குழுக்கள் இயங்குகின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எந்த உரிமையின் பேரில் கேள்வி கேட்கின்றன, அவற்றில் எது எமது நாட்டிலும் சாத்தியம் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கம்பி ஊருக்குள் வந்த கதை

கேபிள் தொலைக்காட்சி 1948ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மலைப்பாங்கான சில சிற்றூர்களில் தொடங்கியது. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. இடையில் மலை நின்றால் அப்பாலுள்ள வீட்டுக்குப் படம் கிடைக்காது. ஒறிகன் மாநிலத்தின் அஸ்ரோறியா என்னும் ஊரில் எட் பார்சன்ஸ் என்பவர் ஒரு விடுதியின் கூரையில் அன்ரனா பொருத்தி, சியாட்டில் நகரத்து ஒளிபரப்பைப் பிடித்து, கம்பி மூலம் தமது வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னர் அயலவருக்கும் கொடுத்தார். ஊருக்கு ஒரு பொது அன்ரனா என்பதே இதன் தொடக்கம்.

யாழ்ப்பாணத்தில் மலையில்லை. 1982 பெப்ரவரியில் ரூபவாகினி ஒளிபரப்புத் தொடங்கிய பின்னர் இங்கே வீட்டுக்கு வீடு அன்ரனா உயர்ந்தது. கடலுக்கு அப்பாலிருந்து தூரதர்ஷன் படத்தையும் எம்மவர் பிடித்துப் பார்த்தனர். 1990இல் மின்சாரம் நின்றபோது அந்தக் காலம் முடிந்தது. மின்சாரம் மீண்ட பின்னர், செய்மதியிலிருந்து பெறும் பல அலைவரிசைகளை ஒரே கம்பியில் கொடுக்கும் கேபிள் சேவை நகரத்திலும் படிப்படியாகக் கிராமங்களிலும் பரவியது.

சேவை இயங்கும் முறையைச் சிறிது விளங்கிக்கொள்வது முறைப்பாடு செய்வதற்கும் உதவும். நிறுவனத்தின் நிலையத்தில் பெரிய தட்டு அன்ரனாக்கள் செய்மதி அலைகளைப் பெறுகின்றன. அங்கிருந்து கம்பிவழி செல்லும் சமிக்ஞை தூரம் போகப்போக வலுவிழக்கும். ஆகவே இடையிடையே கம்பங்களில் அதைப் பெருக்கும் கருவிகள் பொருத்தப்படுகின்றன. அவற்றுக்கும் மின்சாரம் தேவை. அயற்கிராமத்தில் மின்தடை ஏற்பட்டால், உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தாலும் படம் வராமற் போவது இதனாலேதான். பெருப்பிக்கும் கருவி கெட்டால் ஒரு குறிச்சி முழுவதும் இருண்டுவிடும். வீட்டுக்கு வரும் இணைப்பு மட்டும் கெட்டால் ஒரு வீட்டுக்கே பாதிப்பு. எனவே படம் நின்றால் முதலில் அயல் வீட்டில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கருவி பொருத்துவதற்குப் பெருஞ்செலவாகும். ஒரு நிறுவனம் ஓர் ஒழுங்கையில் கம்பி இழுத்துவிட்டால், அதே பத்து வீடுகளுக்காக இன்னொரு நிறுவனம் வருவது அரிது. ஒரு கடையில் அரிசி சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். கேபிளில் அந்த வசதி குறைவு. சொந்தமாகத் தட்டு அன்ரனா பூட்டவோ, இணையம் வழியாகப் பார்க்கவோ இன்று வழியுண்டு. எனினும் அவற்றுக்கு வேண்டிய முதற்செலவு எல்லாக் குடும்பத்துக்கும் இயலுமானதல்ல. மாற்றுக் கடை இல்லாத இடத்தில் கண்காணிப்புத் தேவைப்படுகிறது.

நகரக் குழு என்ன செய்கிறது?

வன்னியில் வயல் செய்தவர்களுக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டம் புதியதல்ல. குளத்து நீர் எல்லோருக்கும் பொது. ஆகவே சிறுபோகத்துக்குத் துருசு திறக்குமுன் அதிகாரிகளும் கமக்காரரும் கூடி, எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர், எந்தத் திகதியில் திறப்பது, வாய்க்காலை யார் துப்புரவு செய்வது என்றெல்லாம் தீர்மானிக்கின்றனர். தண்ணீர் ஓடத் தொடங்கிய பின்னர் விதி பேசுவதில் பயனில்லை.

அமெரிக்க நகரங்களின் கேபிள் ஒழுங்கும் இதே அடிப்படையில் அமைந்தது. அங்கே குளத்தின் இடத்தில் இருப்பது வீதி. வீதி மக்களுடையது. அதன் ஓரத்தைப் பயன்படுத்தி ஒரு நிறுவனம் இலாபம் ஈட்டப்போகிறது. ஆகவே கம்பி இழுக்குமுன் நகரத்தோடு ஓர் உடன்படிக்கை செய்ய வேண்டும். 1984இல் நிறைவேறிய கேபிள் சட்டம் இந்த முறைக்கு நாடளாவிய வடிவம் கொடுத்தது. அதன்படி உடன்படிக்கையில் மூன்று விடயங்களைக் கேட்க நகரத்துக்கு அதிகாரம் உண்டு.

முதலாவது, வீதியைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். கேபிள் சேவையால் நிறுவனம் பெறும் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 5 வரை நகரம் கேட்கலாம், அதற்கு மேல் கேட்க முடியாது.

இரண்டாவது, பொதுமக்களுக்கும் பாடசாலைகளுக்கும் நகர நிர்வாகத்துக்குமென ஒதுக்கப்படும் அலைவரிசைகள். நகர சபைக் கூட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்கவும், சாதாரண மனிதர் தாமே நிகழ்ச்சி தயாரிக்கவும் இவை வழிசெய்தன.

மூன்றாவது, சேவையின் தரம். 1992இல் வந்த சட்டத்தின் பின்னர் மத்திய ஆணைக்குழு சில அளவுகளை வகுத்தது. வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்புக்குச் சாதாரண வேளைகளில் 30 வினாடிக்குள் பதில் கிடைக்க வேண்டும். புதிய இணைப்பு 7 வேலை நாள்களுக்குள் கொடுபட வேண்டும். படம் நின்றுவிட்டதாக அறிந்தால் 24 மணித்தியாலத்துக்குள் திருத்த வேலை தொடங்க வேண்டும்.

இந்த உடன்படிக்கை கடதாசியில் கிடந்தால் போதாது. நிறைவேறுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அதற்காகவே பல நகரங்கள் குழுக்களை அமைத்தன. அஸ்ரோறியா அமைந்த அதே ஒறிகன் மாநிலத்தில் போட்லண்ட், கிறெஷாம் முதலான நகரங்களும் மல்ட்னோமா மாவட்ட நிர்வாகமும் தனித்தனியே மல்லுக்கட்டாமல் ஒன்றுசேர்ந்து 'மவுண்ட் ஹூட் கேபிள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு' என்ற ஒரே அமைப்பை ஏற்படுத்தின. ஒவ்வொரு நிர்வாகமும் தன் பிரதிநிதியை அதற்கு நியமிக்கிறது. இத்தகைய குழுவின் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போகலாம், பேசலாம். முறைப்பாடுகளைத் தொகுத்து, எந்தக் குறிச்சியில் எந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பதும், உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் காலம் வரும்போது அந்தக் குறைகளை மேசையில் வைப்பதும் இத்தகைய குழுக்களின் பணி.

அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. எந்தச் செய்தி போக வேண்டும், எந்தப் படம் போகக் கூடாது என்று இக்குழு கட்டளையிட முடியாது. 2005இல் ரெக்சஸ் மாநிலம் தொடங்கிவைத்த மாற்றத்தின் பின்னர் பல மாநிலங்களில் உடன்படிக்கை அதிகாரம் நகரங்களிடமிருந்து மாநில அரசுக்குப் போய்விட்டது. மக்கள் இணையத்துக்கு மாறுவதால் கட்டண வருமானமும் தேய்கிறது. ஆயினும் அடிப்படை நியாயம் ஒன்று நிலைத்து நிற்கிறது: பொது வீதியைப் பயன்படுத்துபவர் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டின் அனுபவம்

அயலிலுள்ள தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்படி ஒவ்வொரு கேபிள்காரரும் பதிவு செய்ய வேண்டும். நீண்டகாலம் தலைமை அஞ்சலகமே பதிவிடமாக இருந்தது. 2025இல் அப்பொறுப்பு மத்திய அமைச்சின் நேரடிக் கைக்கு மாறியது.

தமிழ்நாட்டில் பெரிய நிறுவனங்களின் பிடி இறுகியதாக முறைப்பாடு எழுந்தபோது, 2007இல் மாநில அரசு 'தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கழகம்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியது. சில காலம் சோர்ந்து கிடந்த அது 2011 செப்ரெம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கத் தொடங்கியபோது ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும் ஆறுதலாயிற்று. எனினும் சேவையை நடத்துபவரும் கண்காணிப்பவரும் அரசே ஆகும்போது, குறை சொல்லப் போகும் இடமும் அதுவே ஆகிவிடுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நிகழ்ச்சிகளின் தன்மை பற்றிய முறைப்பாடுகளுக்கு 2008இல் இந்திய அரசு மாவட்டக் கண்காணிப்புக் குழுக்களை அமைக்குமாறு அறிவுறுத்தியது. மாவட்ட ஆட்சியர் தலைவர். பொலிஸ் அத்தியட்சகர், மக்கள் தொடர்பு அதிகாரி, ஒரு மகளிர் கல்லூரியின் அதிபர், சிறுவர் நலனுக்கும் பெண்கள் நலனுக்கும் உழைக்கும் தொண்டு நிறுவனங்களின் பிரதிநிதிகள், கல்விமான் ஆகியோர் உறுப்பினர்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் குரல் கொடுப்போரைப் பெயர் சொல்லிச் சேர்த்தது நல்ல ஏற்பாடு. மாலையில் தொலைக்காட்சிக்கு முன்னால் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்களே.

எமது நாட்டில் பொறுப்பு யாருடையது?

எமது நாட்டில் பொறுப்பு ஒரே இடத்தில் இல்லை. அது மூன்று கதவுகளாகப் பிரிந்து கிடக்கிறது. மக்கள் அலைக்கழிவதற்கு இதுவே முதற் காரணம்.

முதலாம் கதவு, அனுமதிப்பத்திரம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க தொலைத்தொடர்புகள் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் வழங்குகின்றன. கேபிள் நிறுவனம் அங்கிருந்து அனுமதி பெற்றிருக்க வேண்டும். சேவை பற்றிய முறைப்பாட்டையும் அங்கே அனுப்பலாம்.

இரண்டாம் கதவு, வீதி. கம்பம் எந்த வீதியோரம் நிற்கிறதோ அந்த வீதிக்குப் பொறுப்பானவரிடமே கேட்க வேண்டும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. ஏனைய உள்வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி சபைக்குரியவை. மின்கம்பத்தில் கேபிளைக் கொழுவியிருந்தால் மின்சார நிர்வாகத்தையும் கேட்க வேண்டும்.

மூன்றாம் கதவு, நுகர்வோர் உரிமை. காசு வாங்கிக்கொண்டு சேவை கொடாமை, பற்றுச்சீட்டுத் தராமை போன்றவற்றை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் சொல்லலாம்.

இவற்றுள் எமக்கு மிகக் கிட்டியது உள்ளூராட்சி சபை. யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என 17 சபைகள் உண்டு. கேபிளுக்கென்று தனிக் குழு அமைக்க வேண்டும் என்று எமது சட்டங்கள் விதிக்கவில்லை. ஆனால் குழுக்கள் அமைக்கும் அதிகாரம் சபைகளுக்கு உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் ஒரு படி மேலே போகிறது. சபை உறுப்பினரோடு, அப்பிரதேசத்தில் குடியிருக்கும் வேறு ஆட்களையும் ஆலோசனைக் குழுக்களில் சேர்த்துக்கொள்ள அது இடமளிக்கிறது. 'குடியிருப்போர்' என்ற சொல்லை ஊன்றிப் பாருங்கள். காணி உறுதி வைத்திருப்போர் என்றோ, பரம்பரை ஊரவர் என்றோ அங்கே கட்டுப்பாடு இல்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் உறவினர் வளவில் கொட்டில் போட்டிருப்பவரும் அப்பிரதேசத்தில் குடியிருப்போரே.

இந்த அதிகாரம் ஏன் போதிய அளவு பயன்படவில்லை? ஒரு காரணத்தை எமது வரலாற்றிலேயே காணலாம். யாழ்ப்பாண மாநகர சபை 1949இல் உருவானது. ஆனால் போர்க்காலத்தில் நீண்ட ஆண்டுகள் அது மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இருந்தது. 1998, 2009, 2018 ஆகிய ஆண்டுகளில் தேர்தல் நடந்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மேயில் தேர்தல் நடக்கும்வரை நாடெங்கும் அதிகாரிகளே சபைகளை நிர்வகித்தனர். தெரிவான சபை இல்லாதபோது குழுவும் இல்லை, கேள்வி கேட்கும் பழக்கமும் வளர்வதில்லை.

பழக்கம் வளராவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2018இல் தெரிவான மாநகர சபையின் காலத்தில் கண்டோம். அனுமதியின்றி நடப்பட்டதாகச் சொல்லப்பட்ட கேபிள் கம்பங்கள் சர்ச்சையாயின. 2019இல் 'ஸ்மார்ட்' விளக்குக் கம்பங்கள் வந்தபோது, கதிர்வீச்சு அச்சத்தால் மக்கள் வீதிக்கு இறங்கினர். அச்சம் எவ்வளவு சரியானது என்பது வேறு விடயம். கம்பம் நாட்டுமுன் உடன்படிக்கையை வெளிப்படையாக வைத்து, குறிச்சி மக்களைக் கூட்டிப் பேசியிருந்தால் அந்த அச்சத்தின் பெரும்பகுதி எழுந்தே இராது. துருசு திறந்த பின்னர் கூட்டம் வைத்த கதைதான் அது.

எமது குடும்பங்கள் செய்யக்கூடியவை

1. எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு எடுத்த திகதி, கட்டிய முற்பணம், மாதக் கட்டணப் பற்றுச்சீட்டு, படம் நின்ற நாள்கள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறியுங்கள். அடிக்கடி இடம் மாறும் குடும்பத்துக்கு இக்கொப்பியே சாட்சி. இடம் மாறும்போது இணைப்பை நிறுத்துமாறு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்திருங்கள். இல்லையேல் நீங்கள் பாராத மாதங்களுக்கும் காசு கேட்கப்படலாம்.

2. தாழ்ந்து தொங்கும் கம்பியை நீங்களே வெட்டவோ, தடியால் உயர்த்தவோ வேண்டாம். கேபிள் கம்பி மின்கம்பியோடு முட்டிக்கொண்டு நின்றால் அதிலும் மின் பாயும். முதலில் மின்சார நிர்வாகத்துக்கு அறிவியுங்கள். அதன்பின் சபைக்கும் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். பிள்ளைகளை அப்பக்கம் விடவேண்டாம்.

3. மீளத் திரும்பிய காணியில் கம்பம் நின்றால், முதலில் எல்லையை உறுதி செய்யுங்கள். உறுதியையும் நில அளவைப் படத்தையும் பாருங்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களின் எல்லைக் கதியால்களும் வேலிகளும் பல இடங்களில் அழிந்துவிட்டன. கம்பம் வீதிக்குரிய நிலத்தில் நிற்கிறதா, உங்கள் வளவுக்குள் நிற்கிறதா என்பதைப் பொறுத்தே உங்கள் கோரிக்கை அமையும். வளவுக்குள் என்றால் கிராம அலுவலருக்கும் சபைக்கும் எழுத்தில் முறையிடுங்கள். தகராறு முற்றினால் வழக்குக்கு முன்னர் இணக்க சபை இருக்கிறது.

4. உடன்படிக்கையைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்நாட்டின் ஒவ்வொரு பிரசைக்கும் உரியது. எந்த ஊரவர், ஏன் கேட்கிறீர் என்று அலுவலர் வினவ முடியாது. "எமது ஒழுங்கையில் கேபிள் கம்பம் நாட்ட அனுமதி கொடுக்கப்பட்டதா, எந்த நிபந்தனையில், சபைக்கு எவ்வளவு கட்டணம் கிடைக்கிறது?" என்று சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் இட உதவுவது அவரது கடமை. 14 வேலை நாள்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

5. சேர்ந்து கேளுங்கள். ஒரு வீட்டின் முறைப்பாடு தனி வீட்டுக் கதையாகவே போய்விடும். இருபது வீடுகளின் திகதிகள் ஒரே தாளில் வந்தால் அது குறிச்சியின் பிரச்சினையாகும். மாதர் சங்கம், கமக்கார அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம் என்பவற்றில் ஏதாவது ஒன்றின் கூட்டத்தில் இதனையும் ஒரு விடயமாக வையுங்கள். பின்னர் சபைத் தவிசாளரிடம் ஒரு கோரிக்கை விடுங்கள்: வீதியோரக் கம்பங்கள், கம்பிகள், விளக்குகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க, குடியிருப்போரும் அங்கம் வகிக்கும் ஓர் ஆலோசனைக் குழு வேண்டும், அதில் ஒருவராவது முகாமிலோ வாடகை வீட்டிலோ வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்.

இந்தக் குழு கட்டணத்தைத் தீர்மானிக்கவோ நிகழ்ச்சிகளைத் தணிக்கை செய்யவோ மாட்டாது. அந்த அதிகாரம் சபைக்கே இல்லை. ஆனால் எந்தக் கம்பம் யாருடையது என்ற பட்டியலை வைத்திருக்கலாம். புதிய அனுமதி கொடுக்குமுன், கம்பி எவ்வளவு உயரத்தில் போகவேண்டும், பழுதை எத்தனை நாளில் திருத்த வேண்டும், கைவிட்ட கம்பத்தை யார் அகற்றுவது என்ற நிபந்தனைகளைச் சபைக்கு எடுத்துரைக்கலாம். இவ்வளவும் நடந்தாலே பெரும் பயன்.

பொதுநன்மையும் எமது பங்கும்

1963 டிசெம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஏடொன்றை வெளியிட்டது. அச்சாதனங்களை நடத்துவோருக்கும் அரசுக்கும் மட்டுமன்றி, பார்ப்போருக்கும் கேட்போருக்கும் கடமை உண்டு என்று அது போதிக்கிறது. 1931இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் வலியுறுத்திய இன்னொரு கோட்பாடும் இங்கே பொருந்தும். சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு அதன் கையிலிருந்து பறிக்கலாகாது என்பது அது. ஒழுங்கையிலுள்ள கம்பத்தைப் பற்றிப் பேசுவதற்குக் கொழும்புவரை போகும் நிலை வராமலிருக்க, ஊர்ச் சபையும் ஊர் மக்களும் தம் பங்கைச் செய்ய வேண்டும்.

காணி விடுவிப்பு, மீள்குடியேற்றம் என்ற பெரிய கேள்விகளோடு ஒப்பிட்டால் கேபிள் கம்பி சிறிய விடயமே. ஆனால் சிறிய விடயத்தில் பெறும் பயிற்சி பெரிய விடயத்துக்கு உதவும். விண்ணப்பம் எழுதப் பழகியவர், பற்றுச்சீட்டைப் பேணப் பழகியவர், அயலவரோடு சேர்ந்து சபைப் படியேறப் பழகியவர், நாளை கிணற்றுநீர் பற்றியும் பிள்ளைகளின் பேருந்து பற்றியும் தம் காணி பற்றியும் அதே முறையில் கேட்பார்.

ஆகவே "நாங்கள் இந்த ஊராக்கள் இல்லைத்தானே" என்ற பேச்சை நாம் விட்டுவிடுவோம். வீதி அதனால் நடப்பவர் எல்லோருக்கும் பொது. அந்த வீதியால் போகும் கம்பியைப் பற்றிக் கேட்க, அங்கே குடியிருந்து காசு கட்டும் எவருக்கும் உரிமை உண்டு. அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் கொப்பியையும் கொண்டு போங்கள்.